டோர், ஐ2பி, ஃப்ரீநெட், டிவிபிஎன்: தடையில்லாமல், யாருக்கும் தெரியாமல் படிக்க எது சரிவரும்?

கேட்டவர்: கயல்_எழுத்து

வணக்கம்.

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஆண்டில் சில மாதங்கள் வெளிநாட்டில் தங்கி வேலை பார்க்க வேண்டியிருக்கும். சென்ற முறை தங்கிய இடத்தில் நான் தினமும் படிக்கும் 2 செய்தித் தளங்கள் திறக்கவே இல்லை. பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், கொஞ்ச நேரத்தில் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று நின்றுவிடும். என் வைஃபையில்தான் ஏதோ கோளாறு என்று 2 நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அங்கே அந்தத் தளங்களுக்குத் தடை.

பணம் கட்டி வைத்திருந்த விபிஎன் (நம் இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் சேவை) ஒன்று இருந்தது. முதல் நாள் ஓடியது. மறுநாள் காலையிலிருந்து 'இணைகிறது' என்பதைத் தாண்டவில்லை. உதவி கேட்டு எழுதினால் சர்வரை மாற்றிப் பாருங்கள் என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது.

அதைவிட என்னை உறுத்தியது இன்னொரு விஷயம். நான் எந்தத் தளத்துக்கு எத்தனை மணிக்குப் போகிறேன் என்பது அந்த விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும். கார்டில் பணம் கட்டியதால் என் பெயரும் தெரியும். பதிவு எதுவும் வைப்பதில்லை என்று தளத்தில் எழுதியிருக்கிறார்கள். அது உண்மையா என்று நான் பார்க்க வழியே இல்லை.

அதனால் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாத நெட்வொர்க்குகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். டோர், ஐ2பி, ஃப்ரீநெட், லோக்கிநெட், நிம், டோக்கன் (கிரிப்டோ நாணயம்) கொடுத்து வாங்கும் டிவிபிஎன்கள், அதாவது பரவலாக்கப்பட்ட விபிஎன்கள், ஐபிஎஃப்எஸ். எல்லாமே தன்னைப் பரவலாக்கப்பட்டது என்கிறது, எல்லாமே தணிக்கையை மீறும் என்கிறது. மூன்று நாள் படித்த பிறகு முன்பைவிட அதிகமாகக் குழம்பியிருக்கிறேன்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. திறந்த இணையத்தில் இருக்கும் சாதாரணச் செய்தித் தளங்களைப் படிக்க வேண்டும், நான் படிப்பது இணைப்பு தருபவருக்கும் தெரியக் கூடாது, வேறு யாருக்கும் தெரியக் கூடாது. லேப்டாப்பிலும் போனிலும் வேலை செய்ய வேண்டும். படம், வீடியோ மெதுவாக வந்தால் பரவாயில்லை. அடுத்த மாதம் மறுபடி அதே இடத்துக்குப் போகிறேன். பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: நடுநிசி_வண்டி

கயல் அவர்களே, நான் ஒன்றரை ஆண்டாக ஒரு டிவிபிஎன் பயன்படுத்துகிறேன். மற்றவர்களின் இணைப்பைக் கடத்திவிடும் அதன் நோடு ஒன்றை வீட்டிலும் ஓட்டுகிறேன். ஒரு நிறுவனம், ஒரு சர்வர் பட்டியல் என்பது கிடையாது. உலகம் முழுக்க என்னைப் போன்றவர்களின் வீட்டு இணைப்புகள்தான் நோடுகள். அதனால் தளங்கள் சட்டென்று தடுப்பதில்லை, வேகமும் நன்றாக இருக்கிறது, வீடியோ தடையில்லாமல் ஓடுகிறது. பயன்படுத்திய அளவுக்கு மட்டும் டோக்கனில் கட்டினால் போதும், பெயரோ கார்டோ கேட்பதில்லை. மிஸ்டீரியம், சென்டினல், ஆர்கிட் மூன்றையும் பாருங்கள். டோர் போட்டுப் பார்த்துவிட்டு வேகம் பிடிக்காமல் நான் விட்டுவிட்டேன்.

பதில்: பழைய_ரிலே

கயல், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். இது எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம். 9 ஆண்டுகளாக டோர் ரிலே நடத்துகிறேன், அதாவது பயனர்களின் இணைப்பை வாங்கி அடுத்த இடத்துக்குக் கைமாற்றும் சர்வர். நடுவில் 14 மாதம், திறந்த இணையத்துக்குள் போக விடும் கடைசி ரிலேயான வெளிவாசல் ரிலேயும் நடத்தினேன். ஐ2பி ரவுட்டரும் (அந்த நெட்வொர்க்கின் மென்பொருள்) பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

'பரவலாக்கப்பட்டது' என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிடுங்கள். நீங்கள் கேட்கும் பக்கம் எந்த வாசல் வழியாகத் திறந்த இணையத்துக்குப் போகிறது, அந்த வாசலில் நிற்பவர் யார், உங்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? இந்த மூன்றையும் ஒவ்வொரு நெட்வொர்க்கிடமும் கேட்டுப் பாருங்கள். உங்கள் பட்டியலில் பாதி தானாக உதிர்ந்துவிடும்.

வாசல் என்றால் என்ன என்பதை நான் தெரிந்துகொண்டது வெளிவாசல் ரிலே நடத்தியபோதுதான். ஆரம்பித்து 5 வாரம் இருக்கும். காலையில் மெயிலைத் திறந்தால், சர்வரை வாடகைக்குத் தந்த நிறுவனத்திடமிருந்து புகார்: உங்கள் ஐபி முகவரியிலிருந்து ஒரு தளத்தின் லாகின் பக்கத்தை விடாமல் தட்டியிருக்கிறார்கள், 24 மணி நேரத்தில் விளக்கம் வராவிட்டால் சர்வரை நிறுத்துவோம். கீழே அந்தத் தளத்தின் லாக், 200 வரிக்கு மேல். ஒவ்வொரு வரியும் என் ஐபி முகவரியில் தொடங்கியது. யார் செய்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை, டோரின் அமைப்பே அப்படி. இது டோர் வெளிவாசல், என்னிடம் எந்தப் பதிவும் இல்லை என்று விளக்கி எழுதினேன். மூன்று முறை ஏற்றுக்கொண்டார்கள். நான்காம் முறை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நடு ரிலேயோடு சரி.

அந்த 14 மாதத்தில் என் சர்வர் வழியாக யார் யாரோ எங்கெங்கோ போனார்கள். எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்பதை நான் நினைத்திருந்தால் பார்த்திருக்கலாம். யார் போகிறார்கள் என்பதை நினைத்தாலும் பார்த்திருக்க முடியாது. எனக்கு முன்னால் இருக்கும் நடு ரிலேயின் முகவரி மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரியும். டோரில் திறந்த இணையத்துக்குப் போகும் வழியில் 3 ரிலே. முதல் ரிலேக்கு உங்களைத் தெரியும், நீங்கள் போகும் இடம் தெரியாது. கடைசி ரிலேக்கு இடம் தெரியும், உங்களைத் தெரியாது. நடுவில் இருப்பவருக்கு இரண்டுமே தெரியாது. 1990களில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் இந்த யோசனையை உருவாக்கியவர்களுக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருந்தது: கடற்படைக்காரர்கள் மட்டும் பயன்படுத்தும் நெட்வொர்க்கிலிருந்து யார் வந்தாலும் கடற்படைக்காரர் என்று தெரிந்துவிடும். எல்லோரும் கலந்தால்தான் ஒருவர் மறைய முடியும். அதனால்தான் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

நடுநிசி வண்டி அவர்களே, இதே இடத்தில் டிவிபிஎன்னை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு நோடு. அதை நடத்துபவருக்கு உங்கள் ஐபியும் தெரியும், நீங்கள் போகும் தளமும் தெரியும். ஒரு நிறுவனத்தை நம்பிக்கொண்டிருந்த கயல், இனி முன்பின் தெரியாத ஒருவரை நம்ப வேண்டும். நீங்கள் நல்லவர், அடுத்த நோடு நடத்துபவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பணம் கட்டுவது பொதுப் பேரேட்டில் (பிளாக்செயினில்) பதிவாகும் வகையாக இருந்தால், எந்தக் கணக்கு எந்த நோடுக்கு எப்போது கட்டியது என்பதும் அழியாமல் அங்கேயே இருக்கும். டோக்கனை எங்கே, எந்த அடையாளத்தைக் கொடுத்து வாங்கினீர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இன்னொன்று, இதை அக்கறையோடு சொல்கிறேன்: உங்கள் வீட்டு இணைப்பை வெளிவாசலாகத் திறந்துவைத்தால், எனக்கு வந்த அந்த மெயில் உங்கள் வீட்டு முகவரிக்கு வரும். நான் வாடகை சர்வரைத்தான் இழந்தேன். உங்கள் விஷயத்தில் கதவைத் தட்டுவது யாராக இருக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டு ஐபிகளுக்கு எவ்வளவு கிராக்கி என்பதற்கு 911 எஸ்5 ஒரு சாட்சி. இலவச விபிஎன் செயலிகளோடு ஒட்டிக்கொண்டு பரவிய அந்த பாட்நெட்டை (உரியவருக்குத் தெரியாமல் கைப்பற்றிய கணினிகளின் தொகுப்பை) 2024 மே மாதம் அமெரிக்க நீதித் துறை முடக்கியது. அதில் சிக்கியிருந்தவை 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள். அந்தக் கணினிக்காரர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் யாருக்கோ வாசலாக இருப்பதே தெரியாது.

டோரிலும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். வெளிவாசலில் கெட்டவர்களும் நிற்கிறார்கள். 2007ல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் சில வெளிவாசல் ரிலேக்களை நடத்தி, தூதரகங்களின் மெயில் பாஸ்வேர்டுகளே தன் வழியாகப் பூட்டில்லாமல் போவதைக் காட்டினார். டோர் உங்களை மறைக்கும். எச்டிடிபிஎஸ் (பக்கத்தைப் பூட்டி அனுப்பும் முறை) இல்லாத பக்கத்தின் உள்ளடக்கத்தை வெளிவாசலிடமிருந்து மறைக்காது. 2022 ஜூலையிலிருந்து கணினிக்கான டோர் ப்ரௌசர் எச்டிடிபிஎஸ் இல்லாத தளத்துக்குப் போகும் முன் எச்சரித்து நிறுத்துகிறது. அந்த எச்சரிக்கை வந்தால் தாண்டிப் போகாதீர்கள்.

அடுத்து, டோர் முழுக்கப் பரவலாக்கப்பட்டதும் இல்லை. எந்தெந்த ரிலே இன்று நம்பத்தக்கது என்ற பட்டியலை ஒரு சில சர்வர்கள் மணிக்கு ஒரு முறை வாக்களித்து முடிவு செய்கின்றன. நடத்துபவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். இதைச் சிலர் பெரிய ஓட்டை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2014ல் ஒரு கூட்டம் ரிலேக்களைப் புகுத்தி 5 மாதம் பயனர்களை வேவு பார்த்தது. கண்டுபிடித்ததும் அந்த ரிலேக்களை நெட்வொர்க்கிலிருந்து தூக்க முடிந்தது, ஏனென்றால் தூக்குவதற்கு ஒரு கை இருந்தது. யார் வேண்டுமானாலும் வந்து சேரலாம், யாரையும் வெளியேற்ற முடியாது என்ற அமைப்பில் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

மூன்றாவது குறை நேரம். டோர் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) தாமதிக்காமல் அனுப்புகிறது. அதனால் உங்கள் பக்கத்தையும் தளத்தின் பக்கத்தையும் ஒரே சமயத்தில் பார்க்கக்கூடியவர், இங்கே புறப்பட்டதும் அங்கே வந்து சேர்ந்ததும் பொருந்துகிறதா என்று ஒப்பிடலாம். நிம் இதைத்தான் சரிசெய்யப் பார்க்கிறது. பாக்கெட்டுகளை ஒரே அளவில் வெட்டி, வரிசையைக் குலைத்து, நடுவில் பொய் டிராஃபிக்கும் கலந்து அனுப்புகிறது. குறியாக்க ஆய்வாளர் டேவிட் சாம் 1981ல் எழுதிய யோசனையின் வாரிசு அது. 5 இடம் தாண்டிப் போவதால் மெதுவாகத்தான் இருக்கும். வேகத்துக்கு 2 இடம் மட்டும் தாண்டும் வகையும் வைத்திருக்கிறார்கள், அதில் இந்தக் கலக்கல் கிடையாது. யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் வயது குறைவு, கூட்டமும் குறைவு. கூட்டம் இல்லாத இடத்தில் மறைவது கடினம்.

லோக்கிநெட்டை உங்கள் தேவைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், காரணம் அதேதான், அங்கும் கூட்டம் குறைவு.

கூட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2013 டிசம்பரில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு டோர் வழியாக மிரட்டல் மெயில் அனுப்பிய மாணவர் மிக விரைவில் பிடிபட்டார். டோரை யாரும் உடைக்கவில்லை. அந்த நேரத்தில் பல்கலைக்கழக வைஃபையில் டோர் பயன்படுத்தியவர்கள் யார் என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். அவர் செய்தது குற்றம். உங்களுக்கு அதில் இருக்கும் பாடம் வேறு: நீங்கள் டோரில் என்ன படிக்கிறீர்கள் என்பது இணைப்பு தருபவருக்குத் தெரியாது, ஆனால் டோர் பயன்படுத்துகிறீர்கள் என்பது தெரியும். நீங்கள் போகும் இடத்தில் அதுவே பிரச்சினை என்றால் பிரிட்ஜ் வேண்டும்.

ரிலே பட்டியல் பொதுவில் இருப்பதால் அதை எடுத்துத் தடுத்துவிடுவது எளிது. 2021 டிசம்பரில் ரஷ்யா அப்படித்தான் தடுத்தது. பிரிட்ஜ் என்பது அந்தப் பட்டியலில் இல்லாத முதல் ரிலே. அதில் சில வகைகள் உண்டு. ஓபிஎஃப்எஸ்4 உங்கள் டிராஃபிக்கை எதுவென்றே அடையாளம் தெரியாத குப்பையாகக் காட்டும். ஸ்னோஃபிளேக் வீடியோ அழைப்பு போலக் காட்டும். யாரோ ஒரு தன்னார்வலர் தன் ப்ரௌசரில் போட்டிருக்கும் நீட்டிப்பு வழியாகப் போவீர்கள். 2024ல் வந்த வெப்டனல் சாதாரண எச்டிடிபிஎஸ் தளத்தைப் பார்ப்பது போலவே இருக்கும். இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று.

முக்கியமானது: கிளம்புவதற்கு முன்பே எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். டோரின் தளமே அங்கே தடுக்கப்பட்டிருக்கலாம்.

பதில்: நெசவு_ராட்டை

பழைய ரிலே அண்ணா சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. ஐ2பி பற்றி நான் சொல்கிறேன், 6 ஆண்டாக அதற்குள் ஒரு சின்னத் தளம் வைத்திருக்கிறேன்.

கயல் அக்கா, உங்கள் வேலைக்கு ஐ2பி வேண்டாம். எனக்கு அது உயிர் என்றாலும் இதைத்தான் சொல்வேன். அது வெளியே போவதற்காகக் கட்டப்பட்டதே இல்லை, உள்ளேயே வாழ்வதற்காகக் கட்டப்பட்டது. 2003ல் தொடங்கிய நாளிலிருந்து அதன் நோக்கம் அதுதான். திறந்த இணையத்துக்குப் போக அவுட்பிராக்ஸி என்று ஒன்று உண்டு, ஆனால் அவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம், தன்னார்வலர்கள் நடத்துவது. எல்லோரும் அந்த ஓரிரு வாசல் வழியாகவே போனால் அண்ணா சொன்ன கேள்விக்குப் பதில் நல்லபடியாக வராது.

முதல் முறை போட்டவர்கள் பெரும்பாலும் 10 நிமிடத்தில் அழித்துவிடுகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. ஜாவா வடிவத்தை நிறுவினால் ப்ரௌசரில் 127.0.0.1:7657 என்ற பக்கம் திறக்கும். இடது ஓரத்தில் எத்தனை பேரோடு இணைந்திருக்கிறீர்கள் என்ற எண் இருக்கும். முதலில் 4, 7 என்று நகரும். அப்போது ஏதாவது தளத்தைத் தட்டினால் ஒரு நிமிடம் காத்திருந்து பிழைப் பக்கம்தான் வரும். நான் அன்றைக்கு அப்படியே ஓடவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் அந்த எண் சில நூறு, தளங்கள் 5 நொடியில் திறந்தன. உங்கள் ரவுட்டர் மற்றவர்களோடு பழக வேண்டும், மற்றவர்களின் டிராஃபிக்கைச் சுமக்க வேண்டும். அப்புறம்தான் நெட்வொர்க் உங்களைச் சுமக்கும். டோரில் பயனர் வேறு, ரிலே நடத்துபவர் வேறு. இங்கே எல்லோரும் இரண்டும்தான்.

போகும் வழியும் வரும் வழியும் தனித்தனிச் சுரங்கம். நான் அனுப்பும் கேள்வி என் பக்கம் 3, எதிர்ப்பக்கம் 3 என்று 6 ரவுட்டர் தாண்டும். பதில் வேறு 6 ரவுட்டர் தாண்டி வரும். மெதுவாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் இதற்குள் டொரண்ட் (பலர் சேர்ந்து கோப்பு பகிர்வது) போடலாம். டோரில் டொரண்ட் போடக் கூடாது, உங்கள் உண்மையான ஐபி கசிந்துவிடும், நெட்வொர்க்குக்கும் அது பாரம்.

மையமே இல்லாததன் விலையையும் சொல்ல வேண்டும். 2023 பிப்ரவரியில் யாரோ ஆயிரக்கணக்கில் போலி ரவுட்டர்களைக் கொட்டினார்கள். முகவரிகளைத் தேடித் தரும் ஃப்ளட்ஃபில் ரவுட்டர்கள் திணறிப்போயின. என் தளத்தை நானே 3 நாள் திறக்க முடியவில்லை. அண்ணா சொன்ன 'தூக்குவதற்கு ஒரு கை' இங்கே கிடையாது. புதிய பதிப்புகள் வந்துதான் நிலைமை சீரானது.

கேட்டவர்: கயல்_எழுத்து

இருவருக்கும் மிக்க நன்றி. வாசல் என்று சொன்னதும் எனக்குப் பல விஷயம் விளங்கியது. இப்போது 2 சந்தேகம். விபிஎன்னைப் போட்டுவிட்டு அதற்கு மேல் டோர் போட்டால் இன்னும் பாதுகாப்பா? நேற்று டோர் ப்ரௌசரை வீட்டிலேயே முயன்று பார்த்தேன். 3 தளங்களில் 'நீங்கள் மனிதர்தானா' என்று படங்களைக் கிளிக் செய்யச் சொல்லிக்கொண்டே இருந்தது, ஒன்று உள்ளேயே விடவில்லை. இதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: பழைய_ரிலே

விபிஎன் மேல் டோர் போட்டால், டோர் பயன்படுத்துகிறீர்கள் என்பது இணைப்பு தருபவருக்குப் பதிலாக விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும். அதுவும் உங்கள் பெயர் தெரிந்த நிறுவனம். அங்கே அந்த விபிஎன் இரண்டாம் நாளே நின்றுவிட்டது என்றும் சொன்னீர்கள். பிரிட்ஜ் அதே வேலையைச் செய்யும், பெயரும் கேட்காது. உங்கள் நிலைமையில் நான் பிரிட்ஜோடு நிறுத்திக்கொள்வேன்.

படம் கிளிக் செய்யும் தொல்லை வெளிவாசலால் வருவது. எந்தெந்த ஐபி வெளிவாசல் என்பது ஊரறிந்த பட்டியல். எனக்கு வந்த புகார் மாதிரி எத்தனையோ வந்த ஐபிகள் அவை. தளங்கள் சந்தேகப்படுகின்றன. முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில் 'இந்தத் தளத்துக்குப் புதிய சுற்று' என்ற பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் வேறு வெளிவாசல் கிடைக்கும். இரண்டு மூன்று முறை முயன்றால் பெரும்பாலும் திறந்துவிடும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. நீங்கள் படிக்கும் தளத்துக்கு ஆனியன் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். 56 எழுத்தில் முடிவில் புள்ளி ஆனியன் என்று இருக்கும். பிபிசி 2019ல் தொடங்கியது, வேறு சில செய்தி நிறுவனங்களும் வைத்திருக்கின்றன. இருந்தால் முகவரிப் பட்டையில் ஊதா நிறத்தில் ஒரு குறி வரும். அதை அழுத்தினால் வெளிவாசலே இல்லாமல் போவீர்கள். நீங்கள் 3 ரிலே தாண்டி வருகிறீர்கள், தளமும் 3 ரிலே தாண்டி வருகிறது, நெட்வொர்க்குக்குள்ளேயே சந்திக்கிறீர்கள். வாசலில் நிற்பவர் என்று யாருமே இல்லை.

மற்றபடி சில பழக்கங்கள். டோர் ப்ரௌசரில் நீட்டிப்பு எதுவும் சேர்க்காதீர்கள். எல்லோருடைய ப்ரௌசரும் ஒரே மாதிரி இருப்பதுதான் உங்களுக்குக் காவல். ஒன்றைச் சேர்த்ததும் நீங்கள் தனியாகத் தெரிவீர்கள். உங்கள் சொந்த மெயிலில் அதே அமர்வில் நுழையாதீர்கள். பாதுகாப்பு அளவை 'மிகப் பாதுகாப்பானது' என்று வைத்தால் ஜாவாஸ்கிரிப்ட் நின்றுவிடும். செய்திக் கட்டுரைகள் பல அப்போதும் நன்றாகவே படிக்க வரும். ஆண்ட்ராய்டு போன் என்றால் டோர் ப்ரௌசரே இருக்கிறது. ஐபோன் என்றால் ஆனியன் ப்ரௌசர், ஆர்பாட் என்ற 2 செயலிகள்.

வெப்டனல் பிரிட்ஜ் ப்ரௌசரோடு சேர்ந்து வராது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். டோரின் பிரிட்ஜ் தளத்தில் கேட்கலாம், டெலிகிராமில் இருக்கும் அவர்களுடைய தானியங்கிக் கணக்கிலும் கேட்கலாம். கிளம்புவதற்கு முன் 3 பிரிட்ஜ் வரிகளை வாங்கி ஒரு குறிப்பில் சேமித்துக்கொள்ளுங்கள்.

பதில்: ஏட்டுச்சுவடி

ஃப்ரீநெட்டும் ஐபிஎஃப்எஸ்ஸும் விடுபட்டுவிட்டன, அதனால் சுருக்கமாக.

ஃப்ரீநெட் எடின்பரோவில் மாணவராக இருந்த இயன் கிளார்க்கின் 1999 ஆய்வேட்டிலிருந்து பிறந்தது. 2023ல் பழைய மென்பொருளுக்கு ஹைஃபாநெட் என்று பெயர் மாற்றி, ஃப்ரீநெட் என்ற பெயரைப் புதிய திட்டம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். தேடும்போது குழம்பாதீர்கள். இதில் வாசலே கிடையாது. கோப்புகளைத் துண்டாக்கிப் பூட்டி எல்லோருடைய வட்டிலும் பரப்பி வைக்கிறது. உங்கள் வட்டில் என்ன கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. அடிக்கடி கேட்கப்படுவது நிலைக்கும், யாரும் கேட்காதது மெல்ல மறைந்துபோகும். அழித்துவிடுவார்கள் என்று அஞ்சும் ஆவணத்தைப் போட்டுவைக்க நல்ல இடம். இன்றைய செய்தித்தாள் அங்கே வராது.

ஐபிஎஃப்எஸ் வேறு வகை, கோப்புகளைப் பலருடைய கணினிகளில் வைத்துப் பகிரும் நெட்வொர்க். 2017ல் துருக்கி விக்கிப்பீடியாவைத் தடுத்தபோது துருக்கி மொழி விக்கிப்பீடியாவின் நகலை அதில் வைத்தார்கள், பெரிய உதவி. ஆனால் அது படிப்பவரை மறைப்பதில்லை. யார் எந்தக் கோப்பைக் கேட்கிறார், யார் வைத்திருக்கிறார் என்பதை நெட்வொர்க்கில் இருப்பவர் கவனிக்க முடியும். தடையை மீறுவதும் மறைந்து படிப்பதும் வேறு வேறு என்பதை இங்கேதான் நான் முதலில் உணர்ந்தேன்.

பதில்: நடுநிசி_வண்டி

பழைய ரிலே அவர்களே, வீட்டு நோடு பற்றி நீங்கள் எழுதியதை என் மனைவியிடமும் படித்துக் காட்டினேன். என் நோடின் அமைப்பைத் திறந்து பார்த்தால் வெளி டிராஃபிக் முழுவதற்கும் அனுமதி கொடுத்து வைத்திருக்கிறேன். நான் அதைப் படிக்காமலே டிக் செய்திருக்கிறேன். இப்போதைக்கு நிறுத்திவிட்டேன். யாருக்காவது உதவ வேண்டும், ஆனால் வீட்டு ஐபி வெளியே தெரியக் கூடாது என்றால் என்ன செய்யலாம்?

பதில்: பழைய_ரிலே

ஸ்னோஃபிளேக் போடுங்கள். ப்ரௌசர் நீட்டிப்புதான், 2 நிமிட வேலை. நீங்கள் அதில் நுழைவுப் பக்கம் நிற்கிறீர்கள். உங்கள் வழியாக வருபவர் அங்கிருந்து பிரிட்ஜுக்கும், அப்புறம் டோருக்குள்ளும் போய்விடுவார். கடைசியில் அவர் பார்க்கும் தளத்துக்கு உங்கள் ஐபி தெரியவே தெரியாது.

கேட்டவர்: கயல்_எழுத்து (5 வாரம் கழித்து)

போய்விட்டு வந்துவிட்டேன். அடுத்து யாராவது இதைத் தேடி வந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நேரடி டோர் இணைப்பு 10 சதவீதத்திலேயே நின்றது. ஓபிஎஃப்எஸ்4 போனில் இணைந்தது, தங்கியிருந்த இடத்தின் வைஃபையில் இணையவில்லை. ஸ்னோஃபிளேக் இணையும், கால் மணி நேரத்தில் அறுந்து மறுபடி இணையும். கட்டுரை படிக்க அது போதும். வெப்டனல்தான் கடைசிவரை நின்றது. கிளம்பும் முன் வாங்கிய 3 வரிகளில் ஒன்று வேலை செய்யவில்லை, மற்ற இரண்டும் ஓடின. ஒரே வரியை வாங்கியிருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

முதல் நாள் இரவு நான் படிக்கும் தளங்களில் ஒன்று திறந்தபோது பூட்டுக் குறிக்குப் பக்கத்தில் தொட்டுச் சுற்றைப் பார்த்தேன். பிரிட்ஜ், அதன் கீழே ஒரு நாடு, அதன் கீழே இன்னொரு நாடு, கடைசியில் தளத்தின் பெயர். அந்த நடு வரியைப் பார்த்தபோது பழைய ரிலே அண்ணாவின் நினைவு வந்தது. இன்னொரு தளத்துக்கு ஆனியன் முகவரியே இருந்தது, அதில் ஒரு முறைகூடப் படம் கிளிக் செய்யச் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் வீட்டுக் கணினியில் ஸ்னோஃபிளேக் நீட்டிப்பைப் போட்டேன். அதைத் தொட்டால் கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை பேருக்கு உதவியது என்று காட்டுகிறது. இன்று காலை 11. ஒரு கேள்வி மட்டும்: நான் கணினியை மூடிவிட்டால் அந்த நேரத்தில் என் வழியாகப் படித்துக்கொண்டிருப்பவர் என்ன ஆவார்?

பதில்: பழைய_ரிலே

அவருக்குச் சில நொடி தடங்கும். அப்புறம் அவருடைய ப்ரௌசர் தானாகவே வேறொரு ஸ்னோஃபிளேக்கைத் தேடிப் பிடித்துக்கொள்ளும், பக்கம் விட்ட இடத்திலிருந்து வரும். நீங்கள் அங்கே இருந்தபோது கால் மணி நேரத்துக்கு ஒரு முறை அறுந்து இணைந்ததே, அதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். யாரோ ஒருவர் தன் லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கப் போயிருப்பார். நிம்மதியாக மூடுங்கள்.